அழித்ததும் மிஞ்சியதும்

அந்தக் கேசட்டின் முதுகில் நான்கு லேபிள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே இருப்பதில் நீல மையில் ‘ஈவில் டெட்’ என்று எழுதி, அதன்கீழ் சிவப்பு மையில் ‘சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம்’ என்று கோடு போட்டிருக்கிறது. ஓரம் நைந்த இடத்தில் நகத்தை வைத்து நெம்பினால் அடியில் இன்னொரு பெயர் தெரியும். அதற்கும் அடியில் இன்னொன்று. மன்னார்குடியில் கேசட் கடை வைத்திருந்த அண்ணன் 2001-ல் கடையை மூடியபோது, இருபது ரூபாய் கொடுத்து நான் வாங்கிவந்தது இது. மூட்டை மூட்டையாகக் கிடந்தவற்றில் இதை மட்டும் தேடி எடுத்தேன். எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு கேசட்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

டி.டி.கே. இ-180, வி.எச்.எஸ். கேசட். இந்த வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-ல் கொண்டுவந்தது. சோனியின் பீட்டாமாக்ஸ் அதற்கு ஓராண்டு முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் முதலில் வந்த பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும், வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். போட்டியில் வி.எச்.எஸ். ஜெயித்ததற்குக் காரணங்கள் பல உண்டு. இந்த நேரக் கணக்கு அதில் முக்கியமானது. பிறகு வந்த இ-180-ல் முழுசாக மூன்று மணி நேரம் பிடிக்கும். பாட்டும் சண்டையுமாக இரண்டரை மணி நேரம் ஓடுகிற தமிழ்ப் படம், நடுவில் கேசட் மாற்றாமல் அடங்குவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது அந்த அளவு.

உள்ளே இருப்பது அரை அங்குல அகல நாடா. விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் என்று ஊர்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 250 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நாடா ஊர்ந்தாலும், வீடியோ டெக்குக்குள் சாய்ந்து நிற்கும் உருளை விநாடிக்கு 25 சுற்று சுற்றிக்கொண்டு அதன்மேல் சரிவான கோடுகளாகப் படத்தை எழுதுகிறது, திரும்பப் படிக்கிறது. அந்த உருளையில் இருக்கும் ஹெட்டில் தூசி படிந்தால் படம் முழுக்கப் பொரி பொரியாகும். ‘ஹெட்டு அழுக்கு’ என்று அண்ணன் ஒரு வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டு கிளம்பி வருவார்.

கேசட் எங்கள் ஊருக்கு வந்தது சிங்கப்பூர் வழியாக. லீவில் வந்த ஒருவர் சோப்பு, தைலத்தோடு பத்துக் கேசட்டும் கொண்டுவந்து அண்ணனிடம் விற்றுவிட்டுப் போனார். 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருஷம் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வண்ணத்தைக் கண்டவர் குறைவு. உயரமாக ஆன்டெனா கட்டினால் இலங்கையின் ரூபவாகினி புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே டிவி என்றால் எங்களுக்கு டெக்தான். டிவியையும் டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தால் தெருவே திண்ணையில் கூடும். கூடவே நான்கு கேசட் வரும்: பக்திப் படம் ஒன்று, ரஜினி ஒன்று, சிவாஜி ஒன்று, இங்கிலீஷ் படம் ஒன்று. இங்கிலீஷ் படம் எப்போதும் கடைசியில், பெண்கள் எழுந்து உள்ளே போன பிறகு, விடிகாலை மூன்று மணிக்கு.

அண்ணன் கல்யாண வீடியோவும் எடுப்பார். தோளில் வைக்கும் கேமரா, கண்ணைக் கூசவைக்கும் ஹாலஜன் விளக்கு, வயரைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடும் ஒரு பையன். சிங்கப்பூர் கேசட்டுகளில் ஒன்று 1987-ல் ஒரு கல்யாணத்துக்குப் போனது. அதிலிருந்து வெட்டி ஒட்டி வேறு கேசட்டில் பதிந்து அந்த வீட்டாரிடம் கொடுத்துவிட்டார். எடுத்த கேசட் கடையில் தங்கிவிட்டது. புதுக் கேசட் விலைக்கு அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது.

கேசட்டின் முதுகில் ஒரு ஓரமாகச் சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு பதிய முடியாது. உள்ளே இருப்பது பத்திரம். உடைத்த குழியின்மேல் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். என்னிடம் இருக்கும் கேசட்டில் அந்தக் குழியின்மேல் செல்லோடேப் மூன்று அடுக்கு. மஞ்சளாகி, கெட்டித்து, ஓரத்தில் அண்ணனின் கட்டைவிரல் ரேகையோடு. ஒவ்வொரு அடுக்கும் ஒரு படம் வந்து உட்கார்ந்த நாள்.

கல்யாணத்தின் மேல் முதலில் ஏறியது ‘முள்ளும் மலரும்’. 143 நிமிஷம். இரண்டு வருஷம் கழித்து அதன்மேல் ‘தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி’. 109 நிமிஷம். 1992-ல் அதற்கும் மேல் ‘ஈவில் டெட்’. 85 நிமிஷம். புதுப் படம் பதியும்போது அழிக்கும் ஹெட் பழையதைத் துடைத்துக்கொண்டே போகும். புதுப் படம் முடிந்து டெக்கை நிறுத்திய இடத்தோடு துடைப்பதும் நின்றுவிடும். அதற்கப்பால் இருப்பது அப்படியே இருக்கும். படங்கள் ஒன்றைவிட ஒன்று குட்டையாக அமைந்ததால் ஒவ்வொன்றின் வாலும் தப்பித்தது. மீட்டர் கணக்கில் சொன்னால் முதல் 119 மீட்டர் பேய். அடுத்த 34 மீட்டர் கலஹாரிப் பாலைவனம். அடுத்த 48 மீட்டர் ‘முள்ளும் மலரும்’ படத்தின் காளியும் வள்ளியும். மிச்சம் 50 மீட்டர் சொச்சம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம்.

பதின்மூன்று வயதில் ‘ஈவில் டெட்’டை நாள் வாடகை பத்து ரூபாய்க்கு எடுத்து, டெக் இருந்த நண்பன் வீட்டில் போட்டோம். ஐந்து இளைஞர்கள் காட்டுக்குள் ஒரு மரவீட்டுக்குப் போகிறார்கள். நிலவறையில் ஒரு டேப் ரெக்கார்டர் கிடக்கிறது. அதை ஓடவிட்டதும் ஒரு பேராசிரியரின் குரல் பழைய மந்திரத்தைப் படிக்கிறது, காடு விழித்துக்கொள்கிறது. நாடாவில் அடைந்து கிடந்த குரல்தான் பேயைக் கூப்பிடுகிறது. அதை நாங்கள் பார்த்ததும் ஒரு நாடாவில். அன்றைக்கு எங்களுக்கு வந்த பயத்தில் பாதி அதனால்தான்.

சாம் ரெய்மி அந்தப் படத்தை எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. பணம் கிடையாது. ஒரு பலகையின் நடுவில் கேமராவைக் கட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். தரையை ஒட்டிப் பறந்து வருகிற அந்தப் பார்வைதான் படத்தின் பேய். அதற்கு உருவமே இல்லை. மற்ற பேய்ப் படங்கள் எதையாவது காட்டிப் பயமுறுத்தும். இது நம்மையே பேயின் கண்ணுக்குள் உட்காரவைக்கும். ரத்தம், வெட்டு, குத்து எல்லாம் கொஞ்ச நேரத்தில் சலித்துவிடும். அந்த ஓட்டம் இன்றுவரை எனக்குச் சலிக்கவில்லை. பின்னாளில் பளிச்சென்ற டிஸ்கில் இதே படத்தைப் பார்த்தேன். பூச்சும் ரப்பரும் தெரிந்தன. நகலின் நகலுக்கு நகலாக நிறம் கரைந்து, ரத்தம் கறுத்து, இருட்டில் எது மரம் எது கை என்று புரியாத எங்கள் பிரிண்ட்தான் படத்துக்கு ஏற்றது என்பது என் முடிவான கருத்து.

விடிகிறது. ஐவரில் ஒருவனான ஆஷ் வெளியே வருகிறான். உருவமில்லாத அது வீட்டுக்குள் புகுந்து, கதவுகளை உடைத்துக்கொண்டு அவன் முகத்தின் மேல் பாய்கிறது. பெயர்கள் ஓடி முடிகின்றன. உஸ்ஸென்று நான்கைந்து விநாடி வெள்ளைப் பொரி. ‘நிறுத்தாதீங்கடா’ என்றான் நண்பன். டிராக்கிங் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் படம் நிலைக்கும். அது வேறு டெக்கில் பதிந்தது. திரை முழுக்க வெயில். கோவணம் கட்டிய ஒரு மனிதன் சிரித்த முகத்தோடு நடந்துவருகிறான்.

நடுக்கம் அடங்காத மூன்று பையன்களுக்கு அந்தச் சிரிப்பு என்ன செய்தது என்பதை எப்படிச் சொல்ல? ஆகாய விமானத்திலிருந்து விழுந்த கோகோ கோலா பாட்டிலால் ஊருக்குள் சண்டை வருகிறது. அதை உலகத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் எறியப் புறப்படுகிறான் ஒருவன். இந்தக் கதை எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது கடைசி 24 நிமிஷம் மட்டும். மலை உச்சியில் நிற்கிறான், கீழே முழுக்க மேகம், பாட்டிலை எறிகிறான், வீடு திரும்புகிறான், பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றன. எதற்காக எறிகிறான் என்று ஒரு வாரம் வாதம் செய்தோம். பேயை அடைத்த பாட்டில் என்றான் ஒருவன். இரண்டு படமும் எங்களுக்கு ஒரே படமாகிவிட்டது.

முழுப் படத்தையும் பெரியவனான பிறகு பார்த்தேன். சிரித்தேன். அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டது வேறு. ஜேமி உய்ஸ் அதை எடுத்தது தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில். வெளியுலகத்தையே அறியாத, சொத்து என்றால் என்னவென்று தெரியாத மக்கள் என்று படம் யாரைக் காட்டியதோ, அந்த சான் மக்களில் பலர் அப்போது வேட்டையாடிய நிலத்தை இழந்து, குடியேற்றத்தில் ரேஷன் மாவை நம்பி வாழ்ந்தார்கள். தென்னாப்பிரிக்க ராணுவம் அவர்களைத் தன் படைக்கு ஆளெடுத்தது. படம் வந்த அதே 1980-ல் வெளியான ஜான் மார்ஷலின் ஆவணப்படம் ஒன்றில் இந்த வாழ்க்கையைப் பார்க்கலாம். உய்ஸின் படப்பிடிப்பு நடப்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. இதைப் பார்த்தபிறகு பாட்டில் படத்தை என்னால் பழையபடி ரசிக்க முடியவில்லை. பாட்டிலை எறிபவனாக நடித்த நிகாவ்வின் முகத்தை மட்டும் இன்றும் நேசிக்கிறேன். அந்த முகத்தில் பொய் இல்லை. பொய் அவரைச் சுற்றிக் கட்டியிருந்த கதையில் இருந்தது.

கேசட்டில் மலையும் மேகமும் மறைந்து மறுபடி பொரி. குமிழை வலப்பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டும். மலைப்பாதை, ஊர்ச்சனம், இளையராஜாவின் இசை.

‘முள்ளும் மலரும்’ படத்தின் கடைசி 34 நிமிஷத்தை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன், முதல் பாதியை ஒருமுறையும் பார்க்காமல். ஒரு கையை இழந்த அண்ணன் காளி. தங்கை வள்ளிக்கு இன்ஜினீயரைப் பிடித்திருக்கிறது, அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஊரே தங்கையோடு கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. வழியில் காளி தனியாக நிற்கிறான். முன்கதை தெரியாத எனக்கு அவன் வில்லன். நல்லவனைக் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை மறிக்கும் முரடன். வள்ளி எல்லாரையும் விட்டுத் திரும்பி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்ளும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆறேழு வருஷம் கழித்து முழுப் படம் பார்க்கக் கிடைத்தது. விஞ்ச் ஓட்டும் காளி, அப்பா அம்மா இல்லாமல் தங்கையைத் தூக்கி வளர்த்தவன், அதிகாரத்தின் முன் குனியத் தெரியாதவன். இப்போது அதே கடைசிக் காட்சி. வள்ளி திரும்பி ஓடிவந்தாள். இந்த முறை நான் அழுதேன். தங்கை தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்பதே போதும் அவனுக்கு. உடனே அவளை அனுப்பிவைக்கிறான். இன்ஜினீயரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான். தமிழில் எத்தனையோ அண்ணன் தங்கைப் படங்கள் வந்திருக்கின்றன. கடைசியில்கூட மனசு மாறாத ஒருவனை இவ்வளவு அன்போடு நிறுத்திய படம் வேறில்லை. வசனம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தயாரிப்பாளர் வருந்தியதாக இயக்குநர் மகேந்திரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது மகேந்திரன் இயக்கிய முதல் படம். பேசாமல் நிற்கும் இடங்களை பாலுமகேந்திராவின் ஒளி பார்த்துக்கொண்டது. வள்ளியாக வந்த ஷோபா 1980-ல் 17 வயதில் இறந்துபோனார். நாங்கள் பார்க்கும்போதே அவர் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாடாவில் அவர் ஓடி வந்துகொண்டே இருந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் கடையில் இருந்த கேசட்டுகளில் உரிமை வாங்கிப் பதிந்தவை சொற்பம். டெக்கில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. நாங்கள் கொடுத்த பத்து ரூபாயில் ஒரு காசுகூட மகேந்திரனுக்குப் போகவில்லை. அது தப்பு. அந்தத் தப்பு இல்லாமல் மன்னார்குடியில் ஒரு பையனுக்கு இந்த மூன்று படமும் வந்து சேர்ந்திருக்க வழியும் இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் சுமக்கிறேன்.

1993-ல் சன் டிவி வந்தது. வீட்டுக்கு வீடு கேபிள். பிறகு வி.சி.டி. அண்ணன் கடையில் கேசட் அலமாரி சுருங்கி, ஜெராக்ஸ் மெஷின் வந்தது. என்னிடம் வந்த கேசட் பதினைந்து வருஷம் பரணில் கிடந்தது. உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்துகிறது என்ற செய்தியைப் படித்த அன்றுதான் ஏணி வைத்து ஏறினேன்.

கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. டெக்கில் போட்டால் ஹெட் போய்விடும். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, சுருள்களை வெளியே எடுத்து, மென்மையான துணியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்தேன். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமை. வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் சுருள்களை மாற்றி, பழைய லேபிள் பதித்த கூட்டைத் தனியே வைத்துக்கொண்டேன். தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் பழைய டெக் ஒன்றுக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்தார். கம்ப்யூட்டரோடு இணைத்து ஓடவிட்டேன். அண்ணனையும் வீட்டுக்கு அழைத்திருந்தேன்.

பேய் போனது. பாட்டில் மேகத்துக்குள் விழுந்தது. வள்ளி ஓடிவந்தாள். பொரி. சின்ன வயதில் இந்த இடத்தில் நாங்கள் எழுந்துவிடுவோம். யார் வீட்டுக் கல்யாணத்தையோ யார் பார்ப்பார்கள்? இந்த முறை உட்கார்ந்து பார்த்தோம். பந்தி நடக்கிறது. இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி விளக்கு கூசி உள்ளங்கையால் முகத்தை மறைக்கிறாள். பின்னாலிருந்து ஒரு இளைஞனின் குரல்: ‘ஆச்சி, கையை எடுங்க, நல்லா விழணும்ல.’ பாட்டி கையை எடுத்துவிட்டு, பல்லில்லாத வாயால் சிரிக்கிறாள்.

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“தம்பி, அது என் குரல்டா.”

மாப்பிள்ளை பெண்ணை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மண்டபம் தெரிகிறது என்றார், ஊர் பேர் சொன்னார். பாட்டியின் இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். ஆறாவது முறையோ ஏழாவது முறையோ பார்த்த பிறகு, “இதை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடு, அந்த ஊர்ல போய் விசாரிச்சுப் பாக்கறேன்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மண்டபத்தின் பெயரை எழுதிக்கொண்டார்.