படுக்கைப் பலகைக்குக் கீழே

1960களில், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தருகே கரையேற்றிய தோணிகளில் சின்னப் பையனான எனக்கு ஒரே வேலைதான்: இருட்டுக்குள் ஊர்ந்துபோய் வெளிச்சம் தேடுவது. தோணியின் பின்பக்கமான அமரத்தில், தலைவரான தண்டலும் ஆட்களும் படுக்கிற பலகைகளுக்கு அடியில், அரிசி மூட்டையும் கயிற்றுச் சுருளும் வைக்கிற இடம் ஒன்று உண்டு. பெரியவர்களுக்குத் தோள் நுழையாது. ராத்திரி அப்பா பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தோணியின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே நகர்வார். உள்ளே கும்மிருட்டில் நான் குப்புறக் கிடப்பேன்.

“ஏல, தெரியுதா?”

“தெரியுதுப்பா. மூணாவது வங்குக்குப் பக்கத்துல, ஊசி முனை கணக்கா.”

விளக்கு நின்ற இடத்தில் அப்பா கரிக்கட்டையால் ஒரு கோடு இழுப்பார். மறுநாள் கலப்பத்து அந்தக் கோட்டில் தொடங்கும்.

கலப்பத்து என்றால் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கை அடைக்கிற தொழில். அந்தத் தொழிலாளியைப் போர்ச்சுகீசியர் கலஃபாத்தி என்பார்கள். துருக்கியர் அந்த வேலையைக் கலஃபாத் என்பார்கள். அரபு வணிகர்கள் வந்துபோன கரை இது. 1530களில் போர்ச்சுகீசியர் காலூன்றிய கரை. 1658இல் டச்சுக்காரர் பிடித்த கரை. ஆண்டவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சொல்லும், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலின் சத்தமும் கரையிலேயே தங்கிவிட்டன.

ஆணியே அடிக்காத மரக்கலங்களும் நம் கடலோரத்தில் ஓடின. சென்னையில் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தது பெரும்பாலும் மசுலாப் படகில்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் நாரும் வைக்கோலும் திணித்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது அந்தப் படகு வளைந்துகொடுக்கும். அதற்கு விலை, ஓயாமல் உள்ளே ஊறும் தண்ணீர். இறைக்கவே ஓர் ஆள் வேண்டும். ஹோர்முஸ் துறைமுகத்தில் இப்படித் தைத்த கப்பல்களை 13ஆம் நூற்றாண்டில் பார்த்த மார்க்கோ போலோ, அவற்றுக்குக் கீல் என்கிற தார் பூசுவது கிடையாது, மீன் எண்ணெய் மட்டுமே பூசுகிறார்கள் என்று எழுதிவைத்தார். அவருக்கு அந்தக் கப்பல்கள் மேல் நம்பிக்கை வரவில்லை.

எங்கள் தோணிக்கு இரும்பாணி உண்டு. பலகைக்கு ஆயினி, வங்கு என்கிற விலாச்சட்டத்துக்கு நாட்டுக் கருவேலம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய்விட்டு, தென்மேற்குக் காற்று கடுமையாகும் மாதங்களில் கரையேறும். பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து இடுக்கில் வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக இறுக்குவார்கள். ஒரேயடியாக இறுக்கிவிடக் கூடாது. கரையில் காய்ந்து சுருங்கிக் கிடக்கிற பலகை, கடலில் இறங்கியதும் தண்ணீர் குடித்து உப்பும். இடமில்லாமல் அடைத்திருந்தால் ஆணியைப் பெயர்த்துக்கொண்டு பலகை பிதுங்கும். எவ்வளவு அடிக்கலாம் என்பது அப்பாவுக்குச் சத்தத்திலேயே தெரியும். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் இன்னும் அடி. ‘டங்’ என்று மணி மாதிரி கேட்டால் கையை எடு.

அதற்கு மேல் குங்கிலியம். கடவூர்க் கலய நாயனார் மனைவியின் தாலியைக் கொடுத்து வாங்கிய அதே பொருள். கோயிலில் புகையாகிறது, எங்களுக்குச் சட்டியில் எண்ணெயோடு கொதிக்கும். எண்ணெய் கூடினால் பிசுபிசுத்து வழியும். குறைந்தால் வெயிலில் விரிசல் விடும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, நூலாக இழுபடாமல் மெழுகு போல நசுங்கினால்தான் அப்பா சட்டியை இறக்குவார்.

இதெல்லாம் வெளிப்புறத்துக்கு. படுக்கைக்குக் கீழே அப்பா வைத்திருந்த சட்டம் வேறு: பெயிண்ட் கூடாது, எண்ணெய் மட்டும். உடைமைக்காரர் ஒருவர் உள்ளேயும் பளபளவென்று இருக்க வேண்டுமென்று எனாமல் அடிக்கச் சொன்னார். அப்பா மறுத்தார். உடைமைக்காரர் வேறு ஆளை வைத்து அடித்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தோணிக்குள் நான்தான் நுழைந்தேன். மேலே நிறம் குலையவில்லை. விரலால் அழுத்தினேன், டீயில் நனைத்த ரொட்டி மாதிரி உள்ளே போய்விட்டது. ஈரம் முழுக்கப் போகாத பலகையின் மேல் எனாமல் மூடியதால், உள்ளேயிருந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்றிருக்கிறது. அந்த வருஷம் ஏழு பலகை மாற்றினார்கள். பெயிண்டைக் கண்டால் எனக்கு இன்றுவரை அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது.

“மரத்துக்கு நல்ல தண்ணிதாம்ல எமன், உப்புத் தண்ணி இல்ல” என்பார் அப்பா. மழைத்தண்ணீர் தேங்கிய மூலையில்தான் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் வேலை முடிந்ததும் உப்பளத்துக் கல்லுப்பை இரண்டு கை அள்ளி வங்குகளுக்கு இடையில் தூவச் சொல்வார். ஒழுகி இறங்கும் மழைநீர் அதில் கரைந்து உப்புநீராகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் கட்டுகிறவர்களும் வங்குகளுக்கு நடுவே உப்பை அடைத்துவைத்தார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அப்பா இல்லாமல் போனாரே என்றிருந்தது.

2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் படகு நிறைந்துவிட்டது. கலப்பத்து கேட்டு யாரும் வருவதில்லை. ஃபைபர் அழுகாதுதான். ஆனால் பல படகுகளில் எஞ்சின் மாட்டுகிற பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கிறது. ஒரு திருகாணி ஓட்டையை அடைக்காமல் விட்டால் போதும், தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். உட்காரும் தட்டுக்கு அடியிலுள்ள பெட்டிகளையும் காற்றுப் புகாமல் மூடியே வைக்கிறார்கள்.

போன மாதம் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் ஒரு தம்பியின் படகில் அப்படியொரு பெட்டியைத் திறக்கச் சொன்னேன். குப்பென்று புழுக்க வாடை. அடியில் கை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை.

“மழைத்தண்ணி தம்பி. துடைச்சிட்டு, கரையில கிடக்கிற வரைக்கும் மூடியைத் திறந்தே வைங்க.”

அவர் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வலை மிதப்பு ஒன்றை மூடிக்கு முட்டுக் கொடுத்தார்.