சூப்பர் சிங்கர் மேடையில் செந்தில் கணேஷ் – ராஜலட்சுமி இணை: ஒரு மதிப்பீடு

விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' பாட்டுப் போட்டியின் ஆறாவது பருவம் 2018ஆம் ஆண்டு நடைபெற்றது. இதில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷும் அவருடைய மனைவி ராஜலட்சுமியும் போட்டியாளர்களாகக் கலந்துகொண்டனர். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த இறுதிச் சுற்றில் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். ரக்ஷிதா இரண்டாம் இடத்தையும் மாளவிகா மூன்றாம் இடத்தையும் பெற்றனர். திரைப்பாட்டே ஆட்சி செய்த ஒரு மேடையில் கிராமியப் பாடகர் ஒருவர் முதலிடம் பெற்றது பரவலாகப் பாராட்டப்பட்டது, கேள்விக்கும் உள்ளானது. அந்தக் கேள்வியின் நியாயத்தையும் இணையின் திறத்தையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான மதிப்பீடாகும்.

இணைந்து பாடும் மரபு

தமிழ்நாட்டுக் கிராமியப் பாட்டில் இருவர் எதிரெதிர் நின்று பாடுவது புதிதன்று. தெம்மாங்கில் ஆணும் பெண்ணும் கேலியும் பதிலுமாகப் பாடுவர். தஞ்சைப் பகுதியில் லாவணி பாடுவோர், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியுமாகப் பிரிந்து வாதிடுவர். இந்தப் பாட்டுகளில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்க வேண்டும். எதிரில் நிற்பவர் திறமையாகப் பாடினால்தான் தன் பாட்டும் எடுபடும்.

இம்மரபை மேடைக்கும் ஒலிநாடாவுக்கும் கொண்டு வந்தவர்களில் தம்பதியர் பலர். மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவருடைய கணவரும் கிராமங்களில் பாட்டுகளைத் திரட்டி ஆய்வு செய்தவர்கள். மேடையில் பாடியும் காட்டியவர்கள். விஜயலட்சுமிக்கு 2018இல்தான் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமி – அனிதா இணையை ஒலிநாடாக் காலத்துத் தமிழர் அனைவரும் அறிவர். புதுச்சேரிக்கும் இதில் பங்குண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த கே. ஏ. குணசேகரன், 'தன்னானே' குழுவின் மூலம் உழைக்கும் மக்களின் பாட்டுகளை நகர மேடைகளில் ஏற்றினார். செந்தில் – ராஜலட்சுமி இணை இந்த வரிசையில் வந்தது.

போட்டியின் அளவுகோல்

2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கர், தனிப்பாடகரைத் தேர்ந்தெடுப்பதற்காக அமைக்கப்பட்ட போட்டி. சுருதி, தாளம், பாவம் ஆகியவற்றோடு பலவகைப் பாட்டுகளையும் பாடும் ஆற்றல் அங்கே எதிர்பார்க்கப்படுகிறது. நடுவர்கள் பெரும்பாலும் திரையிசையிலும் கர்நாடக இசையிலும் தேர்ந்தவர்கள். இறுதிக் கட்டத்தில் பார்வையாளர் வாக்கும் சேரும்.

இந்த அமைப்பில் கணவனும் மனைவியும் ஒரே அணி அல்லர். இரு தனிப் போட்டியாளர்கள். பட்டம் ஒருவருக்கே. ஆகவே இருவர் சேர்ந்து உருவாக்கிய ஒன்றை ஒருவர் பெயரில் எழுத வேண்டிய நிலை தொடக்கத்திலேயே இருந்தது.

பலமும் குறையும்

இந்த இணையின் முதல் பலம் குரல். ஒலிபெருக்கி இல்லாத களத்திலும் கேட்கும்படி தொண்டையைத் திறந்து உச்சத்தில் எடுக்கும் குரல் இருவருக்கும் உண்டு. இரண்டாவது பலம் சொல். வாத்தியங்கள் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் பாட்டின் ஒரு சொல்லும் மறையாது. கிராமியப் பாட்டில் செய்தியே உயிர் என்பதால் இது சிறிய திறமையன்று. மூன்றாவது, இருவருக்கும் இடையிலான ஒத்திசைவு. ராஜலட்சுமியின் குறும்பு இல்லாமல் செந்திலின் பதிலுக்குச் சுவை இல்லை. பல ஆண்டு மேடைப் பழக்கத்தால் வந்த இந்த ஒத்திசைவைச் சில வாரப் பயிற்சியால் பெற முடியாது.

குறையும் உண்டு. அவர்கள் பெரிதும் ஒரே வகைப் பாட்டில் நின்றனர். மென்மையான மெல்லிசையிலும் நுட்பமான கமகங்களிலும் ரக்ஷிதா போன்றவர்களின் வீச்சு பெரிது. பலவகைப் பாட்டும் பாடுவோரே சிறந்தவர் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால், முடிவை விமர்சித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே அளவுகோல், திரைப்பாட்டுப் பாடகர்கள் தெம்மாங்கின் எடுப்பைச் சரியாகப் பிடித்தார்களா என்று அதே கண்டிப்புடன் கேட்பதில்லை. ஒரு பக்கத்துக் குறை மட்டும் குறையாகத் தெரிவது அளவுகோலின் குறையே.

காலச் சூழலையும் மறக்கலாகாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அடுத்த மாதமே புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உழவர்கள் திரண்டனர். மண்ணையும் உழவையும் பற்றிய பேச்சு வீடுதோறும் இருந்த நேரத்தில், அதே மண்ணின் குரல் தொலைக்காட்சியில் ஒலித்தது. வாக்களித்தவர்கள் குரலோடு அந்த வாழ்க்கையையும் கேட்டிருப்பார்கள்.

ஓர் ஒப்பீடு

அதே 2018 மே மாதம் லிஸ்பனில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரான்சின் சார்பாக 'மதாம் மொசியே' என்ற இணை பாடியது. எமிலி சாத், ழான்-கார்ல் லூக்கா ஆகிய அவர்களும் கணவன் மனைவியே. மத்தியதரைக் கடலில் அகதிகளை மீட்ட 'அக்குவாரியஸ்' கப்பலில் பிறந்த குழந்தையைப் பற்றிய 'மெர்சி' என்பது அவர்கள் பாட்டு. அங்கே இணை ஒரே போட்டியாளராகக் கருதப்பட்டது. நடுவர் குழுக்கள் 114 புள்ளிகளும் பார்வையாளர்கள் 59 புள்ளிகளும் வழங்க, மொத்தம் 173 புள்ளிகளுடன் 13ஆம் இடம் கிடைத்தது. இரு தரப்பின் புள்ளிகளும் தனித்தனியே அறிவிக்கப்படுவதால், நடுவர்களுக்குப் பிடித்த அளவு மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை எவரும் கண்டுகொள்ளலாம். பாடும் முறை எப்படியோ அப்படியே போட்டியாளரைக் கணக்கிடுவதும், நடுவர் தீர்ப்பையும் மக்கள் தீர்ப்பையும் பிரித்துக் காட்டுவதும் அங்கிருந்து கற்கத்தக்கவை.

பின்விளைவு

பட்டத்துடன் 50 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு செந்தில் கணேஷுக்குப் பரிசாக அறிவிக்கப்பட்டது. ஆனால் மக்களிடம் மிகப் பரவலாகச் சென்றது தனிப்பாட்டன்று. 2019 ஜனவரியில் வெளியான 'சார்லி சாப்ளின் 2' படத்துக்காக, செல்ல தங்கையா எழுத, அம்ரீஷ் இசையில் இருவரும் பாடிய 'சின்ன மச்சான்' என்ற பாட்டே அது. பெண் கேட்க ஆண் விடை சொல்லும் பழைய தெம்மாங்கு முறையில் அமைந்தது அப்பாட்டு. ரக்ஷிதாவும் பின்னர் ஏ. ஆர். ரகுமான் இசையில் 'பொன்னியின் செல்வன்' படத்தில் பாடினார். இரு வகைத் திறமைக்கும் இடம் இருந்தது என்பதற்கு இவையே சான்று.

போட்டி ஒருவருக்குப் பட்டம் தந்தது. ஊர்கள்தோறும் மேடைகள் இருவரையும் சேர்த்தே அழைத்தன. செந்தில் கணேஷின் வெற்றி தகுதியான வெற்றியே. ஆயினும் வரலாற்றில் அதைப் பதிவு செய்யும்போது ராஜலட்சுமியின் பெயரையும் உடன் எழுதுவதே முறை.