மதுரை வீதிகளும் ஊர் வரியும்

மதுரையின் வீதிகளை விரிவாக்கிய பெரிய வேலை, அங்கே நகராட்சி ஏற்படுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1830களின் பிற்பகுதியில் கலெக்டர் பிளாக்பர்ன், நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தார். மதிலை இடித்துப் பள்ளத்தைச் சமன் செய்பவருக்கு அந்த இடமே மனையாகக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மாசி வீதிகளுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த ஊரில் அதற்கு ஆள் கிடைத்தது. வெளி வீதிகளும், வேலையை முன்னின்று நடத்தியவர்களின் பெயரைத் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உருவானவை. பெரியார் பேருந்து நிலையத்தருகே ஒரு கொத்தளம் மட்டும் எஞ்சியது. பிளாக்பர்ன் நினைவாக ஊரார் நிறுத்தியதே விளக்குத்தூண்.

நிலத்தைக் கொடுத்து வேலை வாங்கும் வழி ஒரு தடவைதான் பலிக்கும். தெருவைக் கூட்டுவதற்கும் விளக்கேற்றுவதற்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஊரார் விரும்பிக் கேட்டால் வரி விதிக்கலாம் என்றது 1850ஆம் ஆண்டுச் சட்டம். சென்னை மாகாணத்தில் அப்படிக் கேட்ட ஊர்கள் மிகச் சில. அதனால் 1865இல் வந்த நகர மேம்பாட்டுச் சட்டம் ஊராரின் விருப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. மதுரை, கோவை, சேலம், திருச்சி முதலிய ஊர்கள் 1866இல் நகராட்சிகளாயின. உறுப்பினர்களை அரசு நியமித்தது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டிகளுக்கான சுங்கம் ஆகியவை வருவாய். ஆனால் ஊர்க் காவலுக்கான போலீஸ் செலவில் பெரும்பகுதியும் அதே வருவாயின் தலையில் விழுந்தது. மேம்பாடு என்று பெயரிட்டு வாங்கிய வரியில் சாக்கடைக்கு மிஞ்சியது சொற்பமே. இது அநியாயமான பங்கீடு என்றே சொல்ல வேண்டும்.

1871ஆம் ஆண்டுச் சட்டம் வரி செலுத்துவோர் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க இடம் தந்தது. ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானமும், அதையொட்டி வந்த 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அந்த உரிமையை விரிவாக்கின. 1920ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் அதிகாரம் கொடுத்தது. ஆனால் கடன் வாங்குவது அரசின் அனுமதிக்கு உட்பட்டே இருந்தது.

மதுரை 1971இல் மாநகராட்சியானது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அவற்றுக்கான வருவாய்ப் பங்கைப் பரிந்துரைப்பதை மாநில நிதி ஆணையத்தின் கடமையாக்கியது. உள்வட்டச் சாலைக்கு வாங்கிய கடனை அடைக்க மதுரை மாநகராட்சி 2001இல் 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. அந்தச் சாலையில் வசூலான சுங்கமே அதற்கு ஆதாரமாக இருந்தது. அந்தத் துணிவுக்கு ஈடான அதிகாரம் சொத்து வரியில் மாநகராட்சிக்கு வாய்க்கவில்லை. மாநில அரசு 2018இல் அந்த வரியை உயர்த்தியது, மறு ஆண்டே நிறுத்திவைத்தது, 2022இல் மீண்டும் உயர்த்தியது. பதினைந்தாவது நிதி ஆணையத்தின் மானியம் பெற வரியைச் சீரமைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2022 உயர்வுக்கு ஒரு காரணம்.