ஐந்தாம் ஆண்டின் கணக்கு

1986 ஜூன் 19 அன்று கூடைப்பந்து வீரர் லென் பயஸ் கோகெயின் உட்கொண்டு இறந்தார். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. அந்த அதிர்ச்சி அடங்குமுன், அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றம் புதிய போதைப்பொருள் சட்டத்தை நிறைவேற்றியது. 5 கிராம் கிராக் விற்றவருக்கும் 500 கிராம் கோகெயின் தூள் விற்றவருக்கும் அச்சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே: ஐந்தாண்டுச் சிறை. இரண்டும் ஒரே மருந்தின் இரு வடிவங்கள். மலிவான கிராக் புழங்கியது பெரும்பாலும் நகர்ப்புற ஏழைகளிடையே என்பதை மறந்துவிட்டு இவ்விகிதத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

சிறைக்கு மாற்றாகச் சிகிச்சையை முன்வைத்தோருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஹெராயின் அடிமைத்தனத்திற்கு மெத்தடோன் இருந்தது. கோகெயினுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. உரையாடல், குழுச் சந்திப்பு, மாதக்கணக்கில் நீளும் தங்கும் சிகிச்சை ஆகியவையே கைவசம் இருந்தன. அவற்றின் பயன் எத்தனை காலம் நிலைக்கும்?

1991 முதல் 1993 வரை 11 நகரங்களில், 96 சிகிச்சைத் திட்டங்களில் சேர்ந்த 10,010 பேரைக் கொண்டு தொடங்கிய ‘டேட்டாஸ்’ ஆய்வு இக்கேள்விக்கு விடை தேடியது. கோகெயினைச் சார்ந்திருந்தோரில் 708 பேரை டுவைன் சிம்ப்சன் குழுவினர் ஐந்தாண்டுகள் கழித்தும் பின்தொடர்ந்தனர். சிகிச்சைக்குப் பிந்தைய முதலாண்டில் வாரந்தோறும் கோகெயின் பயன்படுத்தியோர் 21 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டில் 25 விழுக்காடு. சிறிதளவு ஏற்றமே. ஐந்தாம் ஆண்டில் கைதானோர் 18 விழுக்காடு. சேரும்போதே சிக்கல்கள் மிகுந்திருந்தவர்கள், குறைந்த காலமே சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோரின் நிலைதான் பின்னாளில் மோசமாக இருந்தது.

இதை அப்படியே சிகிச்சையின் வெற்றி என எழுதிவிடலாகாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இவ்வாய்வில் இல்லை. நெடுநாள் தங்கியவர் தங்கியதால் திருந்தினாரா, திருந்த விரும்பியதால் தங்கினாரா என்பதை எண்கள் முழுமையாகப் பிரித்துக் காட்டுவதில்லை. வயது கூடக்கூடக் குற்றம் குறைவதும் உண்டு.

இங்கிலாந்தில் 1995இல் 54 சிகிச்சை மையங்களில் சேர்ந்த 1,075 பேரை மைக்கேல் காசாப் தொடர்ந்து கவனித்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஹெராயின் பயனாளிகள். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஹெராயின் பயன்பாடும் திருட்டும் வெகுவாகக் குறைந்தே இருந்தன. கிராக் மட்டும், முதலில் குறைந்து, பிறகு சேர்ந்தபோதிருந்த அளவுக்கே திரும்பியது. ஓராண்டோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் இச்சரிவு எவர் கண்ணிலும் பட்டிராது. போதை குறைந்தால் குற்றம் குறையும் என்ற நேர்க்கோட்டு நம்பிக்கையையும் இம்முடிவு அசைக்கிறது. கிராக் திரும்பியது; திருட்டு அதனோடு சேர்ந்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

செலவைப் பற்றிய கணக்கும் அன்றே வெளிவந்திருந்தது. நாட்டின் கோகெயின் நுகர்வை ஒரு விழுக்காடு குறைக்கச் சிகிச்சை வழியில் 34 மில்லியன் டாலரும், உள்நாட்டுக் காவல் நடவடிக்கை வழியில் 246 மில்லியன் டாலரும் தேவை என ரேண்ட் நிறுவனம் 1994இல் மதிப்பிட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம் புதிய சிறைகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கியது. நூற்றுக்கு ஒன்று என்ற கிராக் விகிதம் 2010 வரை நீடித்தது. அப்போதும் அது பதினெட்டுக்கு ஒன்றாகத்தான் குறைக்கப்பட்டது.