ஊசிமுனைக்கு ஓர் உரை

வீட்டில் டர்ன்டேபிள் வாங்கி வைத்தவர்கள் அடுத்ததாகக் கேட்பது ஒன்றுதான்: எந்த கார்ட்ரிட்ஜ் போடலாம்? கடைக்காரர் ஒன்றைச் சொல்வார், நண்பர் வேறொன்றைச் சொல்வார், விலைப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். உண்மையில் பதில், கார்ட்ரிட்ஜ் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விவரத்தாளிலேயே இருக்கிறது. வெறும் எண்கள் என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் பணத்தை எதில் போடலாம், எதில் போட வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

இங்கே மூலமாக எடுத்துக்கொள்வது ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா நிறுவனம் தரும் ‘ஏடி-விஎம்95இ’ கார்ட்ரிட்ஜின் விவரங்கள். பச்சை நிற ஊசிப் பகுதி கொண்ட இது, குறைந்த விலைப் பிரிவில் பரவலாகப் புழங்குவது. இதைப் படித்துப் பழகினால் ஆர்டோஃபோன், நகாவோகா என எந்த நிறுவனத்தின் தாளும் விளங்கும். வரிகள் ஏறக்குறைய ஒன்றே, எண்கள்தான் மாறும்.

1. வகை: விஎம், இரட்டை அசைகாந்தம்

ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஓடும்போது நடுங்குகிறது. ஊசியைத் தாங்கும் மெல்லிய குழாயான கேன்டிலீவர் அந்த நடுக்கத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகிறது. அங்குள்ள காந்தம் அசைய, அருகிலுள்ள கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. ஸ்டீரியோ ரெக்கார்டில் பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்வில் இருக்கும். ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மற்றதில் வலப்பக்க ஒலி. ‘வி’ வடிவில் வைத்த இரண்டு காந்தங்கள் இந்த இரு சுவர்களுக்கும் ஒத்து நிற்கின்றன.

வாங்குபவருக்கு இந்த வரி சொல்லும் முக்கியச் செய்தி வேறு. அசைகாந்த வகையில் ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கையால் கழற்றி மாற்றிவிடலாம். விலை கூடிய அசைசுருள் வகையில் பெரும்பாலும் அது முடியாது. முழு கார்ட்ரிட்ஜையும் மாற்றவோ, திருத்துபவருக்கு அனுப்பவோ வேண்டும். சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயர்களில் வருவது பெரும்பாலும் செராமிக் வகை. அது தட்டின் மேல் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல ரெக்கார்டு வைத்திருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. சிக்கனமாகத் தொடங்குகிறவருக்கு அசைகாந்தம்தான் சரி.

2. வெளியீடு: 4.0 மில்லிவோல்ட்

ஆம்ப்ளிஃபயரின் ‘ஆக்ஸ்’ வாய்க்குச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். இங்கே வருவது வெறும் 4. அதனால் இடையில் ஃபோனோ ப்ரீஆம்ப் தேவை. அது ஒலியைப் பெருக்குவதோடு நிற்பதில்லை. ரெக்கார்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்கிறது. ப்ரீஆம்ப் இல்லாமல் நேரே ஆக்ஸில் செருகினால் ஒலி மெலிந்து, கீச்சென்று கேட்பது இதனால்தான்.

பல டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். பின்புறம் ‘ஃபோனோ / லைன்’ என்ற சுவிட்ச்சைப் பாருங்கள். உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் சேர்த்துப் போட்டால் ஒலி உடைந்து இரையும். கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த சுவிட்ச்சைச் சரிபார்க்க வேண்டும்.

3. ஊசிமுனை: நீள்வட்டம், 0.3 × 0.7 மில், ஒட்டிய வைரம்

தாளின் உயிர்நாடி இந்த வரி. மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பள்ளத்தின் குறுக்கே இந்த முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். சுவரைத் தொடும் பக்க விளிம்பின் ஆரம் 8 மைக்ரானுக்கும் குறைவு. விலை குறைந்த உருண்டை முனையில் எல்லாப் பக்கமும் சுமார் 15 மைக்ரான்.

இந்தச் சில மைக்ரான் வித்தியாசம் காதில் எங்கே தெரியும்? எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். லேபிளுக்கு அருகே வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே பாட்டு, அதே உச்ச ஒலி, ஆனால் பதிவதற்குப் பாதிக்கும் குறைவான இடம். அலைகள் நெருங்கிவிடுவதால் உருண்டை முனை அவற்றுக்குள் இறங்க முடியாமல் மேலே உரசிப் போகும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் பாடகரின் ‘ஸ்’, ‘ச்’ ஒலிகள் கரகரப்பது இதன் விளைவு. நீள்வட்ட முனையில் இது கணிசமாகக் குறையும்.

‘ஒட்டிய வைரம்’ என்பது உலோகத் தண்டின் நுனியில் ஒட்டிய சிறு வைரத் துணுக்கு. முழுத் தண்டும் வைரமாக இருந்தால் அசையும் எடை குறையும், விலை ஏறும். ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்த நிறுவனம் தரும் பொதுக் கணக்கில் உருண்டை முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்டத்துக்கு 300, மைக்ரோலீனியர் என்ற நுண்வரி முனைக்கு 1,000. தினமும் ஓர் எல்பி கேட்பவருக்கு 300 மணி நேரம் ஓராண்டுக்கு மேல் வரும். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் விலையை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நிறையக் கேட்பவருக்கு விலை கூடிய முனை நாளடைவில் நட்டமில்லை.

4. அழுத்தம்: 1.8 முதல் 2.2 கிராம், நடு அளவு 2.0

அழுத்தத்தைக் குறைத்தால் ரெக்கார்டு தேயாது என்று பலர் நம்பி 1.5 கிராமில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பலத்த ஒலி வரும் இடத்தில் ஊசி சுவரை விட்டுத் துள்ளி மறுபடி மோதும். அந்தக் காயம் தட்டில் நிரந்தரம். அளவுக்குக் கீழே போவதைவிட மேல் எல்லையை ஒட்டி வைப்பதே பாதுகாப்பு. டோன் ஆர்மின் எதிர் எடையில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல் ஊசிக்கென்று விற்கும் சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங் திருகை ஏறக்குறைய அதே எண்ணில் வைத்துத் தொடங்கலாம்.

5. எடை 6.1 கிராம், இயங்கு நெகிழ்வு 7

கார்ட்ரிட்ஜுக்கும் டோன் ஆர்முக்கும் பொருத்தம் பார்க்கும் வரி இது. ஆர்மின் கனமும் ஊசியின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு தாழ் அதிர்வைத் தருகின்றன. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் தட்டின் நெளிவு ஊசியை ஆட்டும்; மேலே ஏறினால் இசையின் தாழ் ஒலிகளோடு மோதும். இங்கே தந்திருக்கும் 7 என்பது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. 10 ஹெர்ட்ஸில் அது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும் என்பது நடைமுறைக் கணிப்பு. சுமார் 10 கிராம் கனமுள்ள சாதாரண ஆர்மில் போட்டால் அதிர்வு 11 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். இன்றைய பெரும்பாலான டர்ன்டேபிள்களுக்கு இது பொருந்துவதன் காரணம் இதுதான்.

6. சுமை: 47,000 ஓம், 100 முதல் 200 பிகோஃபாரட்

முதல் எண் எல்லா ஃபோனோ வாய்களிலும் இருப்பதுதான். கவனிக்க வேண்டியது இரண்டாவது. ஆர்முக்குள் ஓடும் கம்பி, வெளிக் கேபிள், ப்ரீஆம்ப் மூன்றின் கொள்ளளவும் சேர்ந்து 200-ஐத் தாண்டக் கூடாது. இதன் சுருளின் தூண்டல் 550 மில்லிஹென்ரி. 200 பிகோஃபாரட்டோடு சேர்ந்தால் மின் ஒத்ததிர்வு 15,000 ஹெர்ட்ஸை ஒட்டி விழும். 400 ஆனால் 10,700-க்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் ஒலி துருத்தும், அதற்கு மேல் மங்கும். ஆகவே விலை கூடிய நீளமான கேபிளைவிட, விலை குறைந்த, கவசமுள்ள, ஒரு மீட்டருக்கு மேற்படாத கேபிள் இந்த வேலைக்கு உகந்தது.

7. அலைவெண் 20 முதல் 22,000 ஹெர்ட்ஸ். பிரிப்பு 20 டெசிபெல்

எல்லாத் தாள்களும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்லும். இதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிரிப்பு, அதாவது இடவல ஒலிகள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது, காதில் பலிப்பது கார்ட்ரிட்ஜைப் பொருத்துவதைப் பொறுத்தது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லின் நான்கு சிறு கம்பிகளில் சிவப்பு வலப்பக்கம், பச்சை அதன் இணை. வெள்ளை இடப்பக்கம், நீலம் அதன் இணை. கம்பியை இழுக்காமல், அதன் முனையிலுள்ள உலோகக் கவ்வியை மெல்லிய இடுக்கியால் பிடித்துச் செருகுங்கள். இந்த வரிசை கார்ட்ரிட்ஜ்களின் உடலிலேயே மரை வெட்டியிருப்பதால் நட்டைத் தேடித் தடுமாற வேண்டாம். இரண்டு திருகு போதும். பிறகு கோணம் பார்க்கும் அட்டையை வைத்து இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கிறதா என்று சரிபாருங்கள். தாளில் அச்சிட்ட அட்டையே இதற்குப் போதும்.

8. மாற்று ஊசி: ஏடி-விஎம்என்95இ

இந்த வரிசையின் எல்லா ஊசிகளும் ஒரே உடலில் பொருந்தும். இன்று நீள்வட்டம் வாங்கியவர், நாளை அதே உடலில் மைக்ரோலீனியர் ஊசியைச் செருகலாம். வீட்டில் பாகவதர், கே.பி. சுந்தரம்பாள் காலத்து 78 சுழற்சித் தட்டுகள் இருந்தால், அவற்றின் அகன்ற பள்ளத்துக்கென்று 3 மில் முனை கொண்ட ஊசியும் இதே உடலுக்கு உண்டு. எல்பி ஊசியால் 78-ஐ ஓட்டினால் முனை பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். ஊசி வாங்கும்போது பெயர் தெரியாத ‘அதே மாதிரி’ ஊசிகளைத் தவிருங்கள். முனையின் வடிவமே வாங்கும் பொருள். அதைக் கண்ணால் சோதிக்க வழியில்லை.

தாளில் இல்லாதவை

துணைப்பொருள்களில் அவசியமானவை மூன்று: தராசு, தட்டுக்குக் கார்பன் இழைப் பிரஷ், ஊசிக்குச் சிறு பிரஷ். ஊசியைப் பின்னிருந்து முன்னோக்கி மட்டுமே துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் கேன்டிலீவர் வளையும். ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்த எல்பியைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்பு கலந்து, லேபிள் நனையாமல் கழுவலாம். 78 தட்டுகள் அரக்கால் ஆனவை; ஸ்பிரிட், ஆல்கஹால் எதுவும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஆக, முடிவு இது. முதலில் முனைக்குச் செலவழியுங்கள், அடுத்து தராசுக்கும் பிரஷ்ஷுக்கும், கடைசியில் மீதமிருந்தால் மற்றவற்றுக்கு. பழைய டர்ன்டேபிள் வாங்கியவர்கள் அதிலுள்ள ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாவிட்டால், ஒரு ரெக்கார்டு போடுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். தேய்ந்த ஊசிக்குப் புதிது கிடைக்கும். அது கீறிய தட்டுக்கு மாற்று கிடைப்பது அரிது.