நுரைக்குள் எழுந்த சுவர்

காங்கிரீட் சுவர் கல்லைப்போல் உறுதியுடையது. ஆயினும் குளிர்நாட்டார்க்கு அது நல்ல துணையன்று. அறையில் மூட்டிய வெப்பம் அதனூடே எளிதில் வெளியேறிவிடும். கனத்த சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்து நிறுத்தாது.

1950ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் விரிநுரைப் பாலிஸ்டைரீனை உருவாக்கியது. அதன் கன அளவில் 98 விழுக்காடு காற்றே. காங்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கே அது கடத்தும். கனடா நாட்டுக் கட்டடக்காரர் வெர்னர் கிரகோரி 1966இல் இவ்விரண்டையும் இணைத்துக் காப்புரிமை கோரினார். 48 அங்குல நீளமும் 16 அங்குல உயரமும் உடைய நுரைக் கட்டிகளை நாக்கும் பள்ளமுமாகப் பொருத்தி அடுக்கி, உள்வெளியில் காங்கிரீட்டை வார்த்தல் அவர் முறை. வழக்கமாக வார்ப்பு இறுகியதும் அச்சுப் பலகையைக் கழற்றிவிடுவர். இங்கோ அச்சே சுவரின் போர்வையாய் நிலைத்துவிடுகிறது. சிக்கனம் என்பது இதுவன்றோ!

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபின்னரே வெப்பக்காப்பின் அருமையை மேலைநாடுகள் நன்கு உணர்ந்தன. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் எழுந்த ஆய்வு வீட்டில் கணப்பு உலையே இல்லை. ஆனால் அது மரச்சட்ட வீடு! எனவே பெருமை முழுவதையும் காங்கிரீட்டுக்குச் சூட்டுதல் பொருந்தாது. ரெஜைனா வீட்டைக் காத்தவை தடித்த காப்புப்பொருளும், காற்றுப் புகாத இணைப்புகளும், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவியுமே. நுரையச்சுச் சுவரில் இவற்றுள் முதலிரண்டும் எளிதில் கிட்டுகின்றன. சாளர ஓரம் பிளந்திருப்பின் அவையும் வீணே.