சாணிப்பாலும் சங்கமும்

தஞ்சையின் அறப்பணிகள் என்றவுடன் சத்திரங்கள் நினைவுக்கு வரும். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தில் எத்தனையோ வழிப்போக்கர்கள் பசியாறினர். ஆனால் அந்தச் சோற்றுக்கான நெல்லை விளைவித்தவரின் கதையை நாம் அதிகம் பேசியதில்லை.

காவிரிப் படுகையின் வயல்களில் உழைத்த பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். கடனும் குடியிருப்பு மனையும் அவர்களை ஒரே மிராசுதாரிடம் தலைமுறைகளாகக் கட்டிப்போட்டன. வேலைக்குத் தாமதித்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணிப்பால், அதாவது சாணம் கரைத்த நீரைப் புகட்டுதல். இவை ஊரறிந்த தண்டனைகள். கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

1943இல் மன்னார்குடி வட்டாரத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கிற்று. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் தமிழ் கற்று, சேரிகளிலேயே உண்டு உறங்கிச் சங்கத்தை வளர்த்தார். அடுத்த ஆண்டே, 1944இல், அரசு அதிகாரிகள் முன்னிலையில் மிராசுதாரர்களுக்கும் சங்கத்தாருக்கும் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கூலி பற்றிய விதிகளோடு, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது.

இவ்விரண்டும் ஒரே தாளில் இருப்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கூலி தொழிற்சங்கத்தின் வேலை, மானம் சமூக சீர்திருத்தக்காரரின் வேலை. பண்ணையாளுக்கோ இரண்டும் ஒன்றே. சவுக்குக்கு முதுகைக் காட்டுகிறவன் கூலிக்குப் பேரம் பேச முடியாது. சத்திரம் பசித்தவனுக்குச் சோறிட்டது; சங்கம் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

இப்பணியில் பெண்களும் இருந்தனர். அந்தணக் குடும்பத்து விதவையான மணலூர் மணியம்மை, தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களைத் திரட்டினார். 1953இல் மான் முட்டி மறைந்தார். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்' நாவலை வாசித்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

1952இல் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலம் உடையவர்களையே அது கட்டுப்படுத்தியது. பண்ணையாட்களை விலக்கிவிட்டுத் தினக்கூலிகளை அமர்த்திக்கொண்டு சட்டத்தைத் தாண்டியவர்களும் உண்டு.

சங்கம் என்பதாலேயே நல்லது நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. நிலவுடைமையாளர்களும் நெல் உற்பத்தியாளர் சங்கம் கண்டனர். அதுவும் தொழில்வழி அமைந்த சங்கமே. செங்கொடியை இறக்க வேண்டுமென்று அது வற்புறுத்தியது. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் சங்கத்தின் தலைவர் உள்ளிட்டோர் தண்டிக்கப்பட்டனர். உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதற்கு 44 உயிர்கள் விலையாயின.

ஒரே தொழிலில், ஒரே மண்ணில், இரண்டு சங்கங்கள். ஒன்று தன் உறுப்பினரின் உடைமையைக் காத்தது. மற்றொன்று, மனிதராகவே எண்ணப்படாதவரை உறுப்பினர் ஆக்கியது. சமூகப்பணி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம்.